மறு: விளிம்புத்தீயா, ஓரவெடியா? சுட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

அன்புள்ள எல்லோருக்கும்,

துப்பாக்கிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த மடல் இழையில், ரிம்ஃபயருக்கு என்ன சொல் வைப்பது என்று மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக வந்தவர்களுக்கு: தோட்டாவின் அடிப்பக்கத்து விளிம்பில் ஊசி தட்டினால் சுடும் வகை ரிம்ஃபயர், நடுவில் தட்டினால் சுடும் மற்ற வகை சென்டர்ஃபயர். நான் பத்து நாளாக வாயைத் திறக்காததற்குக் காரணம் இருக்கிறது. நானே ஒரு ரிம்ஃபயர் துப்பாக்கி வாங்கிவிட்டேன். சனிக்கிழமை அதைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோய் நூற்றைம்பது தோட்டா சுட்டேன். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். மேசை விளக்கடியில் அவற்றை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சிலர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். செக் நாட்டில் உஹெர்ஸ்கி ப்ரோட் என்ற ஊரில் செய்த சி.இசட். 457 ரைஃபிள், பாயிண்ட் டூ டூ தோட்டா. இங்கே ஒஹாயோவில் கடைக்குப் போய் 4473 என்ற கூட்டரசுப் படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சரிபார்ப்புக்கு அனுப்புவார். 1998 நவம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. எச்1பி விசாவில் இருந்த காலத்தில் பொதுவாக நமக்கு இது முடியாது. பச்சை அட்டை வந்த பிறகுதான் நானும் இந்தப் பக்கம் திரும்பினேன். படிவத்தில் என் பெயரை எழுதி முடிக்க எடுத்த நேரத்தில் பாதிகூடச் சரிபார்ப்புக்கு ஆகவில்லை. அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து நீட்டி வைத்திருக்கிறார்களே, அதை எந்தக் கட்டத்தில் அடைப்பது?

சரி, சொல்லுக்கு வருவோம்.

> ஃபயர் என்பதற்கு நேர்ச்சொல் தீ. ஆகவே விளிம்புத்தீ. இரண்டு சொல், சுருக்கம், புணர்ச்சியும் இயல்பாக இருக்கிறது.

ஐயா, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஜெர்மானியர்களும் உங்கள் கட்சிதான், அவர்கள் சொல்லும் அப்படியே விளிம்புத்தீதான். ஆனால் அந்த விளிம்பில் தீயை யாரும் பார்ப்பதில்லை ஐயா. பார்க்க முடிவது வேறு ஒன்று. அதைச் சொல்லத்தான் பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் தோட்டாவை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். பித்தளைத் தகட்டை இழுத்துச் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளமான குப்பியாக்குகிறார்கள். அடிப்பக்கம் வெளியே பிதுங்கி மடிந்து விளிம்பாகிறது. விளிம்பின் குறுக்களவு 7 மில்லிமீட்டர், கனம் ஒரு மில்லிமீட்டர்தான். அந்த மடிப்புக்கு உள்ளே காலி. அடிபட்டால் பற்றிக்கொள்ளும் பற்றுமருந்தில் ஈரமாக ஒரு துளியை உள்ளே இட்டு, கூட்டை வேகமாகச் சுழற்றுவார்கள். கிரைண்டர் சுற்றும்போது மாவு ஓரத்தில் போய் அப்பிக்கொள்கிற மாதிரி, மருந்து சுற்றிலும் மடிப்புக்குள் போய் அப்பிக்கொள்ளும். அது காய்ந்ததும் மேலே குண்டைத் தள்ளும் எரிமருந்து, அதற்கு மேல் ஈயக் குண்டு, அவ்வளவுதான்.

விசையை இழுத்ததும் அடியூசி வந்து விளிம்பின் ஓரிடத்தில் மோதுகிறது. (ஃபயரிங் பின்னுக்கு அடியூசி என்று போன வருடமே முடிவு செய்தோம். ஆனால் இந்தத் துப்பாக்கியில் அது ஊசியாக இல்லை, உளி மாதிரி தட்டை முனை. அந்தச் சண்டையை இப்போது திறக்க வேண்டாம்.) குழலின் பின்வாய்க்கரை பட்டறைக்கல், ஊசி சுத்தியல், நடுவில் விளிம்பு. மடிப்பு நசுங்குகிறது, உள்ளே இருக்கும் மருந்து பற்றுகிறது. தீபாவளிக்குப் பொம்மைத் துப்பாக்கி கிடைக்காத பையன் கேப் வெடியைத் திண்ணையில் வைத்துக் கல்லால் அடிப்பானே, அதேதான். கேப்புக்கு யாரும் நெருப்பு வைப்பதில்லை. அடித்தால்தான் அது வெடிக்கும்.

> எங்கட ஊரில துவக்கு வெடிச்சது எண்டுதான் சொல்லுவம். ஓரவெடி எண்டு வச்சா என்ன? மற்றதுக்கு நடுவெடி. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

அண்ணா, இதைப் படித்ததும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டேன். எங்கள் பக்கத்திலும் வெடிச்சத்தம் கேட்டது என்றுதான் சொல்வோம். ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. எப்போதாவது கூட்டின் விளிம்பே பிய்ந்துகொண்டு, வாயு பின்பக்கமாகப் பீறிடும். சுடுதளத்தில் கண்ணாடி போடாமல் நிற்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த விபத்தைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? "ஓரம் வெடித்துவிட்டது" என்றுதானே? ஒழுங்காக வேலை செய்யும் தோட்டாவுக்கும், வேலை கெட்டுப்போன தோட்டாவுக்கும் ஒரே சொல் வந்து நிற்கும். விளிம்பு மெல்லியதாக இருந்தால்தான் நசுங்கும், மெல்லியதாக இருப்பதால்தான் அதிக அழுத்தத்தைத் தாங்காது. அமெரிக்கத் தரவரையறையில் இந்தத் தோட்டாவுக்கு அழுத்தத்தின் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு, பெரிய .30-06 தோட்டாவுக்கு 60,000. ஆக, இந்த வகைத் தோட்டாவின் பலம், பலவீனம் இரண்டுமே அந்த விளிம்பில் இருக்கிறது. அங்கே வெடி என்ற சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், நீங்கள் தோட்டாவுக்கு ரவை என்று எழுதியதைப் பார்த்துவிட்டு என் மனைவி ஐம்பது ரவையா, யாருக்கு உப்புமா என்றாள்.

இப்போது சனிக்கிழமை நடந்தது. ஐம்பது கெஜத்தில் தாளைக் கட்டிவிட்டு, சாய்மேசையில் மணல்மூட்டை வைத்து உட்கார்ந்தேன். முதலில் எடுத்தது பெட்டி நிறைய மலிவாகக் கிடைக்கும் தோட்டா. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். ஏழாவது முறை விசையை இழுத்தால் "ட்டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குழலைத் தாளை நோக்கியே பிடித்துக்கொண்டு முப்பது வரை எண்ணினேன். சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும், அவசரப்பட்டுத் திறந்தால் முகத்துக்கு நேரே வெடிக்கும். அப்புறம் திறந்து எடுத்தேன். விளிம்பில் தெளிவாக ஒரு பள்ளம், சுட்டு முடித்த மற்ற ஆறு கூடுகளிலும் இருந்த அதே ஆழம். ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது.

பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் "அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி போடு" என்றார். போட்டேன். சுட்டது.

அந்தக் கூடு இப்போது என் கையில் இருக்கிறது. கடிகாரத்தில் பன்னிரண்டும் ஆறும் மாதிரி எதிரெதிரே இரண்டு பள்ளம். முதல் அடி விழுந்த இடத்தில் மருந்து பரவியிருக்கவில்லை, இரண்டாவது இடத்தில் இருந்தது. நடுவில் அடி வாங்கும் தோட்டாவை எத்தனை முறை திருப்பிப் போட்டாலும் ஊசி அதே புள்ளியில்தான் இறங்கும், இப்படி இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. இந்த வகைக்கும் அந்த வகைக்கும் உள்ள வேறுபாடு எங்கே என்று அகராதியைப் பார்க்க வேண்டாம், இந்தக் கூட்டைப் பார்த்தால் போதும். அடி எங்கே விழுகிறது என்பதுதான் வேறுபாடு.

ஆகவே என் முன்மொழிவு: விளிம்படி. மற்றதற்கு நடுவடி. விளிம்படித் தோட்டா, நடுவடித் தோட்டா.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த பார்வையும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இதை வளைய அடி என்ற பொருளில்தான் சொல்கிறார்கள், மற்றதை மைய அடி என்ற பொருளில். 1845 வாக்கில் இந்த வகையைத் தொடங்கிவைத்த ஃப்ளோபேர் பிரெஞ்சுக்காரர் என்பதையும் ஐயாவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

> என்சிசியில் நாங்கள் படுத்துக்கொண்டு சுட்ட பாயிண்ட் டூ டூவும் இதுதானா அண்ணா? போல்ட் என்றுதான் ஹவில்தார் சொல்லிக்கொடுத்தார்.

அதேதான் தம்பி. 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்த .22 லாங் ரைஃபிள் தோட்டா. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிளுக்கும் இதுதான். 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது இதில்தான். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. என் தாளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

போல்ட்டுக்கு, அதாவது குழலின் பின்வாயைத் திறந்து மூடும் உருளைக்கு வருவோம். தாழ்ப்பாள் வேண்டாம், நீளம். தாழ் போதும். "அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்" என்று குறளிலேயே இருக்கும் சொல். வேலையும் அச்சாக அதுதான். கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்தால் காலிக் கூடு தெறித்து விழுகிறது. முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறுகிறது. கீழே மடக்கினால் பூட்டிக்கொள்கிறது. எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவின் தாழைத் தூக்கித் தள்ளி மடக்கின கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுத் துப்பாக்கி என்பதால் முதல் ஐம்பது தோட்டாவுக்குத் தாழ் கொஞ்சம் முரண்டு பிடித்தது, மழைக்காலத்துக் கதவு மாதிரி. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பொருத்தமான சொல்.

ஆக, போல்ட் ஆக்‌ஷன் என்பதற்குத் தாழிடு துப்பாக்கி. இயக்கம், முறை, பொறியமைவு என்று எதையும் வாலாகக் கட்ட வேண்டாம். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை, அதனால் நடுவில் ஒற்று மிகாது. தாழிடுத் துப்பாக்கி என்று யாரும் எழுதிவிடாதீர்கள். விளிம்படி அப்படி இல்லை, அது பெயர், விளிம்படித் தோட்டா என்று ஒற்று மிகும்.

கடைசியாக என் தாள். மலிவுத் தோட்டாவில் ஐந்து துளையும் ஒன்றரை அங்குலத்துக்குள் வந்தன. பிறகு வேகம் குறைந்த வகைக்கு மாறினேன். 2.6 கிராம் ஈயம், நொடிக்குச் சுமார் 325 மீட்டர். ஒலியின் வேகம் 340 என்பதால் இது அதைத் தாண்டுவதில்லை, வெறும் "டப்" என்று மட்டும் கேட்கும். முதலில் சுட்டது ஒலியைத் தாண்டிக் கிளம்பி, வழியில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்குகிற வகை. அந்த இறக்கத்தில் குண்டு சற்றே தடுமாறும் என்கிறார்கள். காரணம் அதுவோ, நல்ல தயாரிப்போ, இரண்டாவது வகையில் ஐந்து துளையும் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. மூன்று துளை ஒன்றோடொன்று ஒட்டி, மூவிலை மாதிரி. குரூப் என்கிறார்களே, அதற்குக் கொத்து என்று அங்கேயே மனதில் வந்தது. "அரையங்குலக் கொத்து" என்று சொல்லிப் பாருங்கள்.

குறி பார்க்கும் இடத்திலேயே குண்டு படும்படி திருகிச் சரிசெய்வதை ஸீரோ செய்வது என்கிறார்கள், அதற்கு மட்டும் எனக்கு எதுவும் தோன்றவில்லை. பூச்சியமாக்குதல் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
ஊறுகாய் பாட்டில்காரன்

---

தம்பி,

கூட்டின் கதையைப் படித்தபின் விளிம்புத்தீயை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு தடை. அடி என்பதற்குக் கீழ்ப்பகுதி என்றும் பொருள் உண்டு. மரத்தடி, படியடி என்பதுபோல் விளிம்படி என்பதை விளிம்புக்குக் கீழே என்று ஒருவர் படிக்கலாம் அல்லவா? விளிம்படிப்பு என்று வைத்தால் ஐயம் தீரும்.

---

ஐயா,

விளிம்படிப்பு என்றால் எனக்குப் பித்தளைக் குடத்தின் வாயை அடித்து நேராக்கும் பட்டறைதான் நினைவுக்கு வருகிறது. கல்லடி, செருப்படி என்பதை யாரும் கல்லுக்குக் கீழே, செருப்புக்குக் கீழே என்று படிப்பதில்லையே. தவறிப் படித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது ஐயா, விளிம்பு இருப்பதே கூட்டின் அடியில்தான்.

---

தம்பிமார்,

ஓரம் பிஞ்சு வெடிக்கிற கதை நியாயம்தான், விட்டுத்தாறன். விளிம்படி சரி. ஸீரோவுக்கு ஒண்டு சொல்லட்டே? எங்கட அப்பு தராசு வாங்கினா முதல் வெறுந்தட்டில முள்ளு நேரா நிக்குதோ எண்டு பார்ப்பார். முள்ளுச் சரிபார்க்கிறது எண்டுவார். கண் பார்க்கிற இடமும் குண்டு போற இடமும் ஒண்டாகிறதுதானே இதுவும். முள்ளொப்பு எண்டு வைப்பமே?

---

அண்ணா, முள்ளொப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் துப்பாக்கியில் இருப்பது தொலைநோக்கி, அதில் முள் இல்லை, குறுக்குக்கோடுதான் இருக்கிறது. இரும்புக்குறி உள்ள பழைய துப்பாக்கிகளில் முன்னால் ஒரு முள் நிற்கும், அவற்றுக்கு அப்படியே பொருந்தும். அடுத்த சனிக்கிழமை நூறு கெஜத்துக்குப் போகிறேன். ஐம்பதில் ஒப்பு செய்தால் நூறில் ஆறேழு அங்குலம் கீழே இறங்கும், மறுபடி திருகாணியைத் திருக வேண்டிவரும். திருகும்போது "முள்ளொப்புப் பார்க்கிறேன்" என்று நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு இடறாவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம். விளிம்படி, நடுவடி, தாழிடு துப்பாக்கி, கொத்து நான்கையும் இன்றிரவே ஏற்றுகிறேன்.