பிரான்சுப் பள்ளிகளில் மொழி வகுப்புக்கு உதவும் அசிஸ்டென்ட்டாக இருந்தவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கள்

லிமோஜ் மீனா:
க்ரெஸ் பக்கம் ஒரு கொலேஜ், அதாவது நடுநிலைப்பள்ளி. வாரம் 12 மணி நேர வேலை, ஞாயிறன்று பஸ் கிடையாது, உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். நான் சுத்த சைவம். அன்று கான்டீனில் பச்சை பீன்ஸ், அதில் முழுக்க லார்டோன், பன்றி இறைச்சித் துண்டுகள். இறைச்சி வேண்டாம் என்றேன். பரிமாறும் அம்மா தலையாட்டிவிட்டு, இடுக்கியை எடுத்து பன்றித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்! பின்னால் பதினோரு வயசுப் பிள்ளைகளின் வரிசை, தட்டுகள் இடிக்கிற சத்தம். பசிக்கிறது என்று ஒரு பையன் கத்தினான். அவர் அசரவில்லை. அடியில் ஒட்டியிருந்த கடைசித் துண்டைக் கையுறை விரலால் நோண்டி எடுத்துப் போட்டுவிட்டு, ஜெயித்த சிரிப்போடு தட்டை நீட்டினார். பீன்ஸ் பன்றிக் கொழுப்பில் மினுமினுத்தது. வாங்கிக்கொண்டு போய் ரொட்டியையும் சீஸையும் மட்டும் தின்றேன். தட்டைத் திருப்பி வைக்கிற இடம் அவர் கண்ணெதிரிலேயே இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

கடலூர்க்காரன்:
மீனா, நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருப்பேன். சரி, என் கதை. எனக்கு இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் போட்டார்கள், ஸான்-ஆந்த்ரே ஊர். முதல் நாள் பெயர்ப் பட்டியலை வாசிக்கிறேன், ராமஸ்ஸாமி, வீராஸ்ஸாமி என்று வருகிறது. 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு நம் பக்கமிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்டவர்களின் வம்சம். மல்பார் என்கிறார்கள். ஒருத்தருக்கும் தமிழ் வராது, ஆனால் கோவிலும் காவடியும் தீமிதியும் விடாமல் நடக்கிறது. மூன்றாவது பெஞ்சுப் பையன் கை தூக்கினான். "சார், நீங்கள் எத்தனை தடவை தீ மிதித்திருக்கிறீர்கள்?" ஒரு தடவைகூட இல்லை என்றேன். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பையன் பதினெட்டு நாள் விரதமிருந்து அப்பாவோடு இறங்கியவன். "நிஜமாகவே தமிழ்நாடுதானா?" என்றான். கேலியில்லை, உண்மையிலேயே சந்தேகம். பாஸ்போர்ட்டையா காட்ட முடியும்?

பழைய அசிஸ்டென்ட்:
மீனா, உங்கள் கொலேஜில் சட்டத்தைக் கேட்டிருக்க வேண்டும். 2019 நவம்பரிலிருந்து பள்ளி கான்டீன்களில் வாரம் ஒரு வேளை சைவச் சாப்பாடு கட்டாயம். என் அனுபவம் சின்னது: ப்ரெஃபெக்சூர் என்கிற மாவட்ட அரசு அலுவலகக் கவுன்டரில் "போன்ஜூர்" (வணக்கம்) சொல்லாமல் ஃபைலை நீட்டினேன், அந்த அம்மா ஃபைலைத் தொடாமல் "போன்ஜூர்" என்று மூன்று முறை சொன்னார். புரியும்வரை சொன்னார்.
இனி போகிறவர்களுக்குச் சில விஷயம். வீட்டுக்காரர் ஜாமீன் கேட்பார். பிரான்சில் ஆள் இல்லையென்றால் வாடகைக்கு ஜாமீன் தரும் வீசால் திட்டத்தில் விண்ணப்பியுங்கள், 30 வயதுவரை உள்ளவர்களுக்குக் கிடைக்கும், இலவசம், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், செக்யூவுக்கு (அரசு மருத்துவக் காப்பீடு) அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்தது வேண்டும். நம் ஊர் இனிஷியல் அங்கே செல்லாது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதையே எல்லாத் தாளிலும் எழுதுங்கள். முதல் சம்பளம் அக்டோபர் கடைசியில்தான் வரும், அதுவரைக்கும் வாடகைக்கும் டெபாசிட்டுக்கும் கையில் யூரோ வேண்டும். முன்பணம் உண்டா என்று அகாதெமியில், அதாவது வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். வங்கிக் கணக்கு இல்லாமல் ரீப் (கணக்கு விவரத் தாள்) இல்லை, ரீப் இல்லாமல் சம்பளம் இல்லை, வீட்டு முகவரி இல்லாமல் வங்கிக் கணக்கே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தலை சுற்றும். தெரிந்த ஆசிரியர் யாரிடமாவது, நீ அவர் வீட்டில் தங்கியிருக்கிறாய் என்று கடிதம் வாங்கிக்கொண்டால் முடிச்சு அவிழும்.

நாந்த் குமார்:
பழைய அசிஸ்டென்ட் ஐயா, வாரத்தில் ஒரு வேளை. மற்ற நாள் மீனா என்ன சாப்பிடுவது, சட்டத்தையா? யாரும் கேட்காத பட்டியல் வேறு.
எனக்கு 2023. ஓய்வு வயதை 62-இலிருந்து 64 ஆக்கியதற்கு எதிராக நாடே தெருவில் நின்றது. காலையில் லிசே (மேல்நிலைப்பள்ளி) வாசலில் மரப் பலகைகளை அடுக்கி வழியை மறித்திருந்தார்கள். தினமும் என்னோடு மதியம் சாப்பிடுகிற புவியியல் டீச்சர், குளிரில் மூக்கு சிவந்து, பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் அந்தப் பக்கம் நிற்கட்டுமா என்று கேட்டேன். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். "உன் கான்ட்ராக்ட் ஏழு மாசம், என் கான்ட்ராக்ட் ஆயுள் முழுக்க. உள்ளே போ" என்று பலகையை நகர்த்தி வழிவிட்டார். உள்ளே வந்தது ரெண்டே ரெண்டு மாணவர்கள். ஸ்ட்ரைக் நாள் ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்கு மாதச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு வெட்டு. மறுநாள் ஆசிரியர் அறையில் என் காபிக் காசையும் அவரே போட்டார். வேண்டாம் என்றால் கோபித்துக்கொண்டார்.

பழைய அசிஸ்டென்ட்:
நீங்கள் கேட்கவில்லை, சரி. அடுத்த வருஷம் போகிறவன் கேட்பான்.

புதுசா வந்தவள்:
நான்தான் அந்த அடுத்த வருஷம், பட்டியலுக்கு நன்றி ஐயா. எனக்கும் ரீயூனியன். கடலூர்க்காரன் அண்ணா, குளிர்கோட்டு எடுக்கணுமா?

கடலூர்க்காரன்:
கடலோரத்தில் வேண்டாம்மா, வியர்த்து ஊற்றும். சிலாவோஸ் மாதிரி மலைப் பக்கம் போகும்போது ஒரு ஸ்வெட்டர் போதும். புயல் சீசனில் ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலே பள்ளி மூடிவிடுவார்கள், சிவப்பு வந்தால் வெளியே நடமாடவே கூடாது. டார்ச்சும் குடிதண்ணீரும் முன்கூட்டியே வாங்கி வை. தீமிதி பற்றிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று இப்போதே யோசித்துக்கொள்.