தாய் வந்து நின்றாவா?

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோதுதான், பெறாமகள் விட்டுச்சென்ற ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலைக் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வாசிக்கத் தொடங்கினேன். மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்ற காலமாதலால் மெழுகுதிரி வெளிச்சமே துணை. “என்னகா மனே, இன்னும் படுக்கலியா?” என்று கேட்டபடி அம்மா அருகில் வந்து அமர்ந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே வாசித்ததை ஒவ்வொரு இரவும் அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.

சுசான் கொலின்ஸ் எழுதி 2008 இல் வெளிவந்த அந்த நாவலில், 12 மாவட்டங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆண்பிள்ளையும் ஒரு பெண்பிள்ளையுமாக 24 பேரைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்தெடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை மோதவிட்டு, அதைப் பெற்றோர் உட்பட எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தேயாக வேண்டுமென்று அரசு கட்டாயப்படுத்துகிறது. “வயசு எத்தனையாம்?” என்று அம்மா கேட்டார். 12 இலிருந்து 18 வரை என்றேன். போருக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு வந்த நாள்களை, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் கண்டிருந்த அம்மா, அதன்பின் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வறிய வீட்டுப் பிள்ளைகள் ஒரு வருடத் தானியத்துக்கும் எண்ணெய்க்குமாகத் தங்கள் பெயரை மேலதிகமாகச் சீட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதையும், அப்படிச் சேர்த்ததால் கதையின் நாயகியான 16 வயதுக் கட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது என்பதையும் சொன்னபோது, நிவாரண அரிசிக்குப் பெயர் பதிந்த வரிசைகள் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “பசிக்குத்தானே” என்று மட்டும் சொன்னார்.

முதல் அத்தியாயம், ஒரேயொரு சீட்டில் மட்டும் இருந்த அவளது தங்கையின் பெயர் வாசிக்கப்படுவதோடு முடிகிறது. அந்த இடத்தில் மெழுகுதிரியை அணைக்க முயன்ற என் கையை அம்மா பிடித்துக்கொண்டார். மேடையை நோக்கி நடக்கும் சின்னவளின் சட்டை பின்புறம் பாவாடைக்கு வெளியே வந்து தொங்குவதை அக்கா காணும் வரியை, அம்மா கேட்டதற்காக இரண்டு முறை சொன்னேன். இதைவிடக் கூர்மையாக அச்சத்தை எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கதை முழுவதும் நிகழ்காலத்தில், கட்னிஸின் வாயாலேயே சொல்லப்படுகிறது. சொல்பவள் உயிரோடு மீள்வாள் என்ற உறுதி வாசிப்பவருக்குக் கிடைப்பதேயில்லை. ஆனால் அம்மாவின் தவிப்பு வேறிடத்தில் இருந்தது. களத்தில் யார் வீழ்ந்தார் என்று கேட்பதற்கு முன்னர், “வீட்டில இருக்கிறவங்க என்ன செய்றாங்களாம்?” என்றே ஒவ்வொரு இரவும் அவர் கேட்டார். களத்துக்குப் போனபின் நாவல் ஒருமுறைகூட அந்த வீட்டுக்குத் திரும்புவதில்லை என்பதை அந்தக் கேள்வியால்தான் கவனித்தேன்.

சுரங்க வெடிப்பில் கணவனை இழந்தபின் பிள்ளைகளையும் பாராமல் முடங்கிப்போன தாயைக் கட்னிஸால் மன்னிக்க முடிவதில்லை. அதை நான் அவள் பக்கம் நின்றே சொல்லிக்கொண்டு போனேன். ஏனெனில் 1990 இல் அப்பாவை இழந்தபின் எங்கள் வீட்டில் மாதக்கணக்காக அடுப்பு எரியவில்லை. பெரியம்மாதான் சோறு கொண்டுவந்தார். ஒன்பது வயதில் அந்தக் கோபத்தை நானும் சுமந்தேன். அம்மா தலையை நிமிர்த்தாமல், “அவ வேணுமெண்டு செய்யல்ல மனே” என்றார். முப்பது வருடங்களுக்கு மேலாக நாங்கள் இருவரும் பேசாமல் வைத்திருந்த விடயம் அது. அன்றிரவு அதற்குமேல் கதை சொல்ல என்னால் முடியவில்லை.

முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று எண்ணுவோர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். 27 ஆவது அத்தியாயத்தைச் சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் சொல்லி முடித்தேன். ஊருக்குத் திரும்பும் புகையிரதம் நிலையத்துக்குள் நுழைவதோடு நாவல் நின்றுவிடுகிறது. “தாய் வந்து நின்றாவா?” என்று அம்மா கேட்டார். அந்தச் சந்திப்பு அந்த நூலில் எழுதப்படவில்லை.

“ஓம் அம்மா, முன்னுக்கே நிண்டவ” என்றேன்.