ஜூரி தீர்ப்பு பற்றி ஒரு சந்தேகம்: சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். சிட்னியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளுக்குக் குற்றவியல் சட்டப் பாடத்தில் உதவிக்கொண்டிருக்கிறேன். சின்ன வழக்குகள் லோக்கல் கோர்ட்டில் மாஜிஸ்திரேட் முன்னால், பெரியவை டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில், கொலை வழக்கு மாநில சுப்ரீம் கோர்ட்டில். இது வரைக்கும் சரி.

ஜூரியில்தான், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு விஷயத்தில்தான், இருவருக்கும் குழப்பம். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2006 முதல், ஜூரி சட்டம் சொல்லும் குறைந்தபட்ச நேரம் கலந்து பேசியும் ஒருமனதாக முடிவுக்கு வரவில்லை என்றால், 12 பேரில் 11 பேரின் முடிவை நீதிபதி ஏற்கலாம். ஆனால் போதைப்பொருள் இறக்குமதி போன்ற மத்திய அரசுச் சட்டக் குற்றங்களுக்கு இது செல்லாது. அரசியலமைப்பின் 80ஆவது பிரிவின்படி அங்கே ஒருமனதான தீர்ப்பு கட்டாயம் என்று 1993இல் சீட்டில் (Cheatle) என்பவரின் வழக்கில், ஆஸ்திரேலியாவின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட் சொல்லிவிட்டது. ஒருவரின் சுதந்திரம் பறிபோகிற விஷயம் என்பதால் எனக்கு இந்தக் கண்டிப்பு நியாயமாகவே படுகிறது.

என் கேள்வி இதுதான்: ஒரே ஆள்மேல் மாநிலக் குற்றச்சாட்டும் மத்தியக் குற்றச்சாட்டும் ஒரே விசாரணையில் வந்தால், நீதிபதி ஜூரிக்கு இதை எப்படிப் பிரித்து விளக்குவார்? அங்கே வழக்கறிஞராக இருப்பவர்களோ, ஜூரி முறையைப் படித்தவர்களோ எளிமையாகச் சொன்னால் பெரிய உதவி. அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை.