கிரிக்கெட் கேம்ல நிஜம் வேணுமா, சிக்ஸர் வேணுமா?

ராயபுரம்_ஓப்பனர்: ஈஏ கிரிக்கெட் 07 வீடியோ கேம் பழகுன பசங்களுக்கு டான் பிராட்மேன் கிரிக்கெட் 14 போட்டுக் கொடுத்தா, பத்து ஓவர் தாங்க மாட்டேங்குறாங்க. பழைய கேமுக்கே போயிடலாமா?

கேரம்_பிளேட்: போக வேணாம் தல. பிராட்மேன்ல கன்ட்ரோலரோட இடது ஸ்டிக் காலுக்கு, வலது ஸ்டிக் ஷாட்டுக்கு. ரெண்டும் வேற வேற பக்கம் போனா ஷாட் சொதப்பிடும், எட்ஜ் ஆகி கீப்பர் கைக்கும் போகலாம். முதல்ல நெட்ஸ்ல, அதான் கேமுக்குள்ள இருக்கிற பயிற்சில, ஃப்ரன்ட் ஃபுட் டிஃபன்ஸ் மட்டும் ஆட விடு. பந்து எங்க குத்துதுங்கிற லென்த் கண்ணுல பட்டதும் டிரைவ். தூக்கி அடிக்கிறதெல்லாம் கடைசி.

வியாசை_ஸ்விங்: டிவி செட்டிங்கைப் பாத்தியா? 140 கிலோமீட்டர் வேகப் பந்து பேட்ஸ்மேன்கிட்ட வர அரை செகண்டுதான். டிவி 100 மில்லிசெகண்ட் லேட்டா காட்டினா அதுல அஞ்சுல ஒரு பங்கு காலி. பிக்சர் செட்டிங்ல இந்த லேட்டைக் குறைக்கிற கேம் மோட் போடு, படத்தை வழவழன்னு காட்டுற மோஷன் ஸ்மூத்திங்கை ஆஃப் பண்ணு. பாதிப் பேரு கேமைத் திட்டுறது இதுக்குத்தான்.

தண்டையார்பேட்டை_டீப்: ஜாலிக்குன்னா அஞ்சு ஓவர் மேட்ச், ஈஸி லெவல், போதும்பா. ஆனா 07-ல ஒரே ஷாட்டை ஒரே கேப்ல திரும்பத் திரும்ப அடிக்கலாம், ஃபீல்டை மாத்தி அதை அடைக்கத் தெரியாது கம்ப்யூட்டருக்கு. ரெண்டு நாள்ல சலிச்சிடும்.

ராயபுரம்_ஓப்பனர்: கேம் மோட் ஆஃப்லதான் இருந்துச்சு. போட்டாச்சு. நெட்ஸ் ஆரம்பம்.