தடுக்கிற ‘லெட்’டும் விடுகிற ‘லெட்’டும் ஒரே சொல்லா?

தெருமுனை: நம் பாஸ்போர்ட்டின் உள்பக்கத்தில், இவரை ‘வித்அவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்’ போக அனுமதியுங்கள் என்று இருக்கிறது. லெட் என்றால் விடு என்றுதானே படித்தோம்? ‘விடாமல் போக விடுங்கள்’ என்றா எழுதுவார்கள்! ஒரே சொல் தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான். மணமாக இருந்த நம் ‘நாற்றம்’ கெட்டுப்போகவில்லையா?

பழுப்பேடு: நாற்றம் இங்கே ஒட்டாது. இவை இரண்டு வினைகள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் நெடிலோடு ‘லேட்டன்’ என்றால் விடு, குறிலோடு ‘லெட்டன்’ என்றால் தடு. நெடில் பிற்பாடு குறுகியதால் இரண்டும் ஒரே ஒலியில் வந்து விழுந்தன. 1611 ஆங்கில விவிலியத்தில் ‘லெட் தேர் பி லைட்’டும் உண்டு, 2 தெசலோனிக்கேயர் 2:7-ல் தடைசெய்கிறவனுக்கும் அதே லெட்தான்.

மூணாவது செட்: டென்னிஸில் சர்வீஸ் வலையை உரசிக்கொண்டு கட்டத்துக்குள் விழுந்தால் ‘லெட்’. அதுவும் தடைதானா? ‘நெட்’டைத்தான் அம்பயர் அப்படிச் சொல்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பழுப்பேடு: தடையேதான். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஹாம்லெட்டும் தன்னைப் பிடித்து நிறுத்தும் நண்பர்களிடம், என்னை ‘லெட்’ செய்பவனைப் பேயாக்கிவிடுவேன் என்கிறான்.

தெருமுனை: சரி, குறில் நெடிலை மட்டும் வைத்து இரண்டு சொல் என்பதா?

பழுப்பேடு: இறந்தகாலத்தைப் பாருங்கள். விடுகிற வினை, ‘சிங்’ ‘சாங்’ ஆவதுபோல, உள்ளே இருக்கும் உயிரை மாற்றிக்கொள்ளும். தடுக்கிற வினை பின்னால் விகுதி சேர்த்து ‘லெட்டே’ ஆகும்.

தெருமுனை: மடிந்தது, மடித்தது என்று நாமும் இரண்டு விதமாகச் சொல்கிறோம். அதற்காக வேர் இரண்டா?

பழுப்பேடு: நல்ல கேள்வி, மறுக்க முடியவில்லை. ‘லெட்டன்’ பிறந்தது மெதுவான என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து. இன்றைய ‘லேட்’ அதுதான். ஒருவரை லேட்டாக்கினால் தடுத்த மாதிரிதானே? இன்னும் பின்னால் போனால், தளர விடுதல் என்ற ஒரே வேரில் இரண்டையும் சேர்க்கிறார்கள்.

மூணாவது செட்: அப்போ ‘ஹவுஸ் டு லெட்’?

பழுப்பேடு: அது விடுகிற லெட். நாமும் வீட்டை வாடகைக்கு ‘விடுகிறோம்’.

தெருமுனை: ஆக வேர் ஒன்று என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நான் சொன்னதுதான்.

பழுப்பேடு: பாட்டி ஒருத்தி என்பதால் பெரியப்பா மகனும் அத்தை மகனும் ஒரே ஆளா?