ஃபவுல் டைம் கடந்த பின் ரயிலை விடலாமா? டிஸ்பாட்சரின் பொறுப்பு குறித்து ஓர் ஐயம்

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவில் ஒரு ரயில் நிறுவனத்தில் சிக்னல் பராமரிப்பில் இருக்கிறேன். தடத்தில் இறங்கும் குழுவுக்குப் பொறுப்பாளராகத் தகுதி பெற்று இரண்டு மாதமே ஆகிறது. சென்ற வாரம் இரவுப் பணி ஃபோர்மேன், 6.30 மணி வரை தாம் வாங்கியிருந்த ஃபவுல் டைமிலேயே (குறிப்பிட்ட தட எல்லைக்குள் ரயில் வராதபடி தடுத்து, பணிக்காகத் தரப்படும் நேரம்) வேலையைத் தொடரச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டார். 6.25-க்கு நீட்டிப்புக் கேட்க முயன்றபோது, ரயில் போக்கைக் கட்டுப்படுத்தும் டிஸ்பாட்சர் ரேடியோவில் கிடைக்காததால் ஆட்களைத் தடத்திலிருந்து விலக்கிவிட்டேன். நேரம் கடந்ததும் அவர் தாமாகவே ரயிலை விடலாமா? பிறர் வாங்கிய நேரத்தில் நான் வேலை செய்தது முறையா?

மறுமொழி 1:
விடக் கூடாது. கூட்டாட்சி விதித்தொகுப்பு 49, பகுதி 214, பிரிவு 323-இன்படி, அந்த எல்லைக்குள் எந்த ரயிலும் நுழையாதவாறு நிறுத்தி வைத்த பிறகே டிஸ்பாட்சர் ஃபவுல் டைம் தர வேண்டும். தட எண், எல்லை, நேரம் மூன்றையும் பொறுப்பாளர் திருப்பிச் சொல்லி, அவை சரிபார்க்கப்பட்ட பின்னரே அது நடைமுறைக்கு வரும். அதை வாங்கிய பொறுப்பாளரே "தடத்தை விட்டு விலகிவிட்டோம்" என்று தெரிவிக்கும் வரை ரயிலை விடக் கூடாது. ஆயினும் அதை நம்பித் தடத்திலேயே நிற்காமல் ஆட்களை நீங்கள் விலக்கியது மிகச் சரியான செயல்.

இரண்டாவது கேள்விக்கு என் விடை, முறையன்று என்பதே. 2016 ஏப்ரல் 3 அன்று பென்சில்வேனியாவின் செஸ்டரில் பணி மாறும் வேளையில் இரவு ஃபோர்மேன் தம் ஃபவுல் டைமை விடுவித்தார். பகல் ஃபோர்மேன் புதிதாக வாங்கவில்லை. ஆம்ட்ராக் பயணிகள் ரயில் நிறுவனத்தின் 89-ஆம் எண் ரயில், தடத்தில் நின்ற பேக்ஹோ என்னும் மண் தோண்டும் இயந்திரத்தின் மீது மோதியதில் இரு பணியாளர்கள் உயிரிழந்தனர். இரு தண்டவாளங்களையும் மின்முறையில் இணைத்து, அங்கே ரயில் நிற்பதாகச் சிக்னலுக்குக் காட்டும் ஷன்ட் கருவியும் அன்று பொருத்தப்பட்டிருக்கவில்லை.

மறுமொழி 2:
பல ஆண்டுகள் டிஸ்பாட்சர் மேசையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். என் திரையில் தெரிந்தவை நான் போட்ட தடுப்புகளே தவிர, தடத்தில் நின்ற ஆட்கள் அல்லர். அந்த ஃபோர்மேன் வழியிலிருந்து அழைத்து விலகிவிட்டதாகச் சொல்லியிருந்தால், உங்கள் பெயரையே அறியாத நான் தடுப்பை நீக்கியிருப்பேன். அவர் விடுவித்து, நீங்கள் உங்கள் பெயரில் வாங்கி முடிக்கும் வரை ஒருவர்கூடத் தடத்தில் இருக்கக் கூடாது. அதற்கு மாறாக எவர் பணித்தாலும், நல்லெண்ணத்துடன் மறுத்து நிற்கும் உரிமையை அதே பகுதி 214 உங்களுக்குத் தருகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இனி ஆட்களை விலக்கி நிறுத்திய பிறகே பொறுப்பை ஏற்பேன். இன்றைய பணி விளக்கக் கூட்டத்தில் இதையே முதலில் சொல்லப் போகிறேன்.