மலையகத்தில் கார் வீலுக்கு வீட்டிலேயே பெயின்ட்: புதிதாக வந்தவர்களுக்குச் சில விஷயங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் வந்து, பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கியிருக்கும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கம்பெனி போட்டுக் கொடுத்த அலாய் வீல் உரிந்து அசிங்கமாக இருக்கிறது, வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா? தாராளமாக அடிக்கலாம். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அதனால் கைக்கு வருவது பெரும்பாலும் வயதான வண்டிதான். இருக்கிற வீலைக் காப்பாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆனால் கோயம்புத்தூர் வெயிலில் செய்ததை இங்கே அப்படியே செய்தால் வேலை கெட்டுவிடும். நுவரெலியா சுமார் 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பமே 16 டிகிரி அளவுதான். ஸ்ப்ரேயில் உள்ள தின்னர் ஆவியாகும்போது உலோகம் இன்னும் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பெயின்ட் மேல் படிகிறது. கடைசியாக மேலே அடிக்கும் நிறமில்லாத கிளியர் கோட் பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும். அதற்கப்புறம் தேய்த்துவிட்டு மறுபடி அடிப்பதைத் தவிர வழியில்லை.

ஆகவே முதலில் நாளைப் பாருங்கள். அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை மழை குறைந்து நன்றாகக் காயும் காலம். பண்டாரவளை, பதுளை பக்கம் நேர்மாறு. அங்கே ஜூலை முதல் செப்டம்பர் வரை. தேயிலைக்கு வாசனை ஏறும் பருவமும் இதுதான், தோட்டத்துக்காரர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். காலைப் பனி விலகி 10 மணிக்கு மேல் தொடங்கி, மத்தியானம் 2 மணிக்குள் முடித்துவிடுங்கள். வீலை முந்தின இரவே வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். முற்றத்தில் கிடந்து சில்லிட்ட உலோகத்தில் பெயின்ட் ஒட்டாது.

நேரமெல்லாம் போகிற இடம் கழுவுவதும் தேய்ப்பதும்தான், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். இறம்பொடை வளைவுகளில் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கும் வண்டியின் முன் வீல்களில் கறுப்புத் தூள் கெட்டியாக அப்பியிருக்கும். சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு உள்பக்கம் வரை தேயுங்கள். ஒட்டியிருக்கும் ரோட்டுத் தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி சோப்புப் போடுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் குழிகுழியாக விலகும். உரிந்த இடங்களை 240 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, ஓரத்தை விரலால் தடவினால் படி தட்டாத வரை இன்னும் நைசான 400 நம்பரில் மென்மையாக்குங்கள். கண்ணை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள். வெறும் அலுமினியம் தெரிகிற இடத்துக்கு உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் எட்ச் பிரைமர் வேண்டும், சாதாரண பிரைமர் அதில் நிற்காது. சின்னக் கீறலைப் பட்டி வைத்து மூடலாம். விரிசலை மூடவே கூடாது, அந்த வீலை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

டயரைக் கழற்ற வசதியில்லையென்றால் காற்றைக் குறைத்து, ரிம்முக்கும் டயருக்கும் இடையே சீட்டுக்கட்டு அட்டைகளைச் சுற்றிலும் செருகுங்கள். வால்வை டேப்பால் மூடுங்கள். அதைவிட முக்கியம், நட்டு உட்காரும் குழிகளிலும் ஹப்பில் (வண்டியில் வீலை மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் பின்முகத்திலும் பெயின்ட் படவே கூடாது. அங்கே படிந்த பெயின்ட் ஓட்டத்தில் நசுங்கி, நட்டு இளகும். வளைவும் பள்ளமுமான இந்த ரோட்டில் அது உயிர் விஷயம்.

வீலுக்கென்றே விற்கும் சூடு தாங்கும் பெயின்ட் வாங்குங்கள். ஊரிலிருந்து பெட்டியில் போட்டு வர நினைக்க வேண்டாம், ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவை விமானத்தில் விடமாட்டார்கள். மெல்லிய கோட்டாக மூன்று நான்கு, ஒவ்வொன்றுக்கும் நடுவே கால் மணி நேரமாவது. குளிரில் டப்பா சரியாகப் பீய்ச்சாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் நிறுத்துங்கள். விறகு அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். அடுப்பு எரியும் வீட்டுக்குள் ஸ்ப்ரே அடிக்கவும் கூடாது, அந்த வாயு தீப்பிடிக்கும். ஹார்ட்னர் கலக்கும் டூ-கே கிளியர் கோட்டின் புகை நுரையீரலுக்குக் கெடுதல். துணி மாஸ்க் அதைத் தடுக்காது, அதைப் பெயின்டிங் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வீலாகச் செய்யுங்கள். சரிவான முற்றத்தில் ஜாக் போட வேண்டாம். சமதரையில், எதிர் வீலுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டுத் தூக்குங்கள். பெயின்ட் தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் இந்தக் குளிரில் இறுக ஒரு வாரமாவது விடுங்கள். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்குங்கள். டொயோட்டா சின்னக் கார்களுக்கு இறுக்கும் அளவு பொதுவாக 103 நியூட்டன் மீட்டர். மற்ற வண்டிக்குக் கையேட்டைப் பாருங்கள். இந்த அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இல்லாவிட்டால் டயர் கடையில் கேட்டு இறுக்கி, பேலன்சிங்கும் பார்த்துவிடுங்கள். 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை இன்னொரு முறை சரிபாருங்கள்.